ஓம் கண்ட நுண்ணளவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் நாம் உச்சரிக்கும் பெயர்களுள் முதன்மையானது ஓம் என்பதாகும். மின்தடைப் பெட்டியின்மீது அவர் பெயர் இருக்கிறது. மீட்டர் பாலத்தில் கண்ட விடைக்குப் பின்னால் அவர் பெயர் நிற்கிறது. தேர்வுத்தாளில் அலகு எழுத மறந்தால் மதிப்பெண் குறைவதும் அவர் பெயரை விட்டுவிட்டதால்தான். ஆயினும் அந்தப் பெயருக்குரிய மனிதர் எப்படி வாழ்ந்தார், தம் விதியை எவ்வாறு கண்டார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை என்னும் ஒரே வரியில் அவரை அடக்கிவிட்டோம்.

அந்த ஒரு வரிக்கு அடிப்படையாக இருந்தது, இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு சந்திப்பைச் சூடாகவும் மறு சந்திப்பைக் குளிராகவும் வைக்கும்போது தோன்றும் மிகச் சிறிய மின்னழுத்தமாகும். ஓமுக்குக் கைகொடுத்த அதே மின்னழுத்தம், இன்றைய நுண்ணளவுக் கருவிகளில் பிழையாக வந்து நிற்கிறது. கருவிகளுக்கு ரிலே தேர்ந்தெடுக்கும் பொறியாளர்கள் இன்றும் அதனோடுதான் போராடுகிறார்கள். ஓமின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இப்போராட்டம் எளிதில் விளங்கும். அந்த வரலாற்றையே இங்குச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

இளமைப் பருவம்

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் ஜெர்மனியில் பவேரியப் பகுதியைச் சேர்ந்த எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை ஜோஹன் வுல்ஃப்காங் ஓம் பூட்டுத் தொழிலாளி. தாயார் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த ஏழு குழந்தைகளில் எஞ்சியவர்கள் மூவரே. ஜார்ஜும், பின்னாளில் கணித அறிஞராகப் புகழ்பெற்ற தம்பி மார்ட்டினும், ஒரு தங்கையுமே அவர்கள். ஜார்ஜுக்குப் பத்து வயதாக இருந்தபோது தாயார் காலமானார்.

தந்தையார் பள்ளியில் உயர்கல்வி பெற்றவர் அல்லர். பட்டறையில் அரமும் சுத்தியலும் பிடித்த கையோடு, தாமே புத்தகங்களைத் தேடிப் படித்துக் கணிதத்தில் நல்ல தேர்ச்சி அடைந்திருந்தார். தாம் கற்றதை அவரே மைந்தர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கணிதம், இயற்பியல், வேதியியல், தத்துவம் ஆகியவை அந்தச் சிறிய வீட்டில் பாடங்களாயின. நகரத்துப் பள்ளியில் மனப்பாடமே பெரிதாக இருந்ததால், பிள்ளைகளின் அறிவை உண்மையில் வளர்த்தது வீட்டுப் பாடந்தான் எனலாம். எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் என்பவர் சிறுவன் ஜார்ஜைச் சோதித்துப் பார்த்து வியந்தார். புகழ்பெற்ற பெர்னௌலி சகோதரர்களோடு இப்பிள்ளைகளை ஒப்பிட்டு அவர் பாராட்டினார்.

அறிஞர்களின் பிள்ளைகள் அறிஞர்களாவதில் வியப்பில்லை. படிக்க வசதியில்லாத ஒரு தொழிலாளி, தாம் ஏற முடியாத படியில் பிள்ளைகளை ஏற்றி வைத்ததே பெரிது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

தடம் மாறியதும் திரும்பியதும்

1805ஆம் ஆண்டு ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் படிப்பில் மனம் செல்லவில்லை. நடனத்திலும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும், பனிச்சறுக்கிலும் பொழுது போயிற்று. தாம் பெறாத வாய்ப்பை மகன் வீணாக்குகிறானே என்று தந்தையார் கொதித்தார். மூன்று பருவங்கள் முடிந்ததும் படிப்பு நின்றது. 1806இல் ஓம் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, காட்ஸ்டாட் என்னும் ஊரில் கணித ஆசிரியராக வேலையில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு.

பிழைப்புக்காகச் சென்ற இடத்தில் படிப்பின் அருமை புரிந்தது. 1809இல் நியூஷாட்டெல் நகரில் தனிப்பயிற்சி ஆசிரியரானார். பகலில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் ஆய்லர், லாப்லாஸ், லக்ருவா ஆகியோரின் கணித நூல்களைத் தாமே பயின்றார். 1811இல் ஊர் திரும்பி, அதே ஆண்டு அக்டோபரில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே சிறிது காலம் விரிவுரையாளராகவும் இருந்தார். கிடைத்த வருவாய் வயிற்றுக்குப் போதவில்லை. 1813இல் பாம்பெர்க் நகரில் ஒரு சாதாரணப் பள்ளியில் ஆசிரியரானார். 1816இல் அப்பள்ளியும் மூடப்பட்டது.

இந்தத் துன்பத்துக்கு நடுவில் அவர் வடிவியல் பற்றி ஒரு நூல் எழுதி, 1817இல் வெளியிட்டார். அதன் படியொன்றைப் பிரஷ்ய நாட்டு அரசருக்கு அனுப்பினார். நூல் நன்மதிப்பைப் பெற்றது. அதே ஆண்டு கொலோன் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அங்கே ஒரு நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பூட்டுப் பட்டறையில் தந்தையிடம் பழகிய கை, கருவிகளைத் தாமே செய்துகொள்ள இப்போது உதவியது.

தவறிய முதல் விதி

அக்காலத்தில் மின்னோட்டம் பற்றிய அறிவு இளம் பயிராகவே இருந்தது. வோல்ட்டா மின்கல அடுக்கை 1800இல் அறிவித்திருந்தார். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை எர்ஸ்டெட் 1820இல் காட்டினார். ஆனால் கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எவ்வளவு குறையும் என்பதற்குத் திட்டமான கணக்கு நடைமுறையில் இல்லை.

ஓம் வோல்ட்டா மின்கலத்தை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைச் சுற்றில் இணைத்து ஊசியின் விலக்கத்தை அளந்தார். 1825இல் முதற் கட்டுரையை வெளியிட்டார். அதில் அவர் தந்த வாய்பாடு மடக்கை வடிவத்தில் இருந்தது. அது சரியான விதியன்று.

தவறு கணக்கில் இல்லை, மின்கலத்தில் இருந்தது. வோல்ட்டா மின்கலத்தில் சுற்றை மூடியவுடன் மின்னோட்டம் பொங்கி எழும், பிறகு தளரும். முதற் கம்பியை அளக்கும்போது இருந்த வலிமை இரண்டாவது கம்பிக்கு வரும்போது இராது. முழக்கோலே நீண்டும் குறுகியும் போனால் துணியை எப்படி அளப்பது? ஓம் இக்குறையை மறைக்கவில்லை. அச்சேறிய தம் வாய்பாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் இல்லை. மாறாத மின்மூலம் ஒன்றைத் தேடினார்.

பனிக்கட்டியும் கொதிநீரும்

தீர்வுக்கு வழிகாட்டியவர் போகண்டார்ஃப் என்னும் ஜெர்மானிய அறிவியலறிஞர். வேதி மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு அவர் யோசனை கூறினார். இரு வேறு உலோகங்களால் ஆன சுற்றில் ஒரு சந்திப்பைச் சூடாக்கினால் அருகிலுள்ள காந்த ஊசி திரும்புவதை சீபெக் 1821இல் பெர்லினில் கண்டறிந்திருந்தார். அதைத்தான் நாம் சீபெக் விளைவு என்று படிக்கிறோம்.

ஓம் ஒரு பிஸ்மத் சட்டத்தின் இரு முனைகளிலும் செம்புப் பட்டைகளை இணைத்தார். ஒரு சந்திப்பைக் கொதிநீர்ப் பாத்திரத்திலும், மற்றதைப் பனிக்கட்டிப் பாத்திரத்திலும் அமைத்தார். நீர் கொதிக்கும்வரை ஒரு முனையின் வெப்பநிலை மாறாது. பனிக்கட்டி உருகும்வரை மறுமுனையின் வெப்பநிலை மாறாது. ஆகவே மின்னழுத்தமும் மாறாது. பிஸ்மத்–செம்பு இணையில் 100 டிகிரி வேறுபாட்டுக்குக் கிடைப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே. ஆயினும் அது உறுதியானது. வலிமை பெரிதாக இருந்து மாறிக்கொண்டிருப்பதைவிட, சிறிதாக இருந்து நிலைத்திருப்பதே அளவைக்கு உதவும் என்பதை ஓம் உணர்ந்தார்.

மின்னோட்டத்தை அளக்கக் காந்த ஊசியொன்றை மெல்லிய உலோக இழையில் தொங்கவிட்டார். மின்னோட்டத்தால் ஊசி விலகியதும், மேலேயுள்ள தலைப்பை முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். முறுக்கிய அளவே மின்னோட்டத்தின் அளவு. பிறகு ஒரே தடிப்புள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்தார். அவற்றின் நீளங்கள் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். மிகக் குட்டையான கம்பிக்கு ஏறத்தாழ 327 என்று இருந்த முறுக்கு, மிக நீண்ட கம்பிக்கு ஏறத்தாழ 48 ஆகக் குறைந்தது.

இந்த எண்களெல்லாம் ஒரே எளிய வாய்பாட்டுக்குள் அடங்கின. ஒரு மாறிலியை, மற்றொரு மாறிலியும் கம்பியின் நீளமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் முறுக்கின் அளவு வந்தது. மேலே நிற்கும் மாறிலி 7285, கீழே நிற்கும் மாறிலி 20¼ என்று கொண்டு நண்பர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2 அங்குலக் கம்பிக்கு 7285ஐ 22¼ஆல் வகுக்க வேண்டும், 327 கிடைக்கும். 130 அங்குலக் கம்பிக்கு 150¼ஆல் வகுக்க வேண்டும், 48½ கிடைக்கும்.

சந்திப்புகளின் வெப்பநிலை வேறுபாட்டை மாற்றியபோது மேல் மாறிலி மட்டும் மாறியது. கீழ் மாறிலி அப்படியே இருந்தது. ஆகவே மேலுள்ளது சுற்றை இயக்கும் விசை. கீழுள்ளது கருவியின் உட்தடை என்று இரண்டும் தனித்தனியே பிரிந்து தெரிந்தன. இயக்குவது ஒன்று, தடுப்பது வேறொன்று என்ற இந்தத் தெளிவே ஓம் விதியின் உயிர்நாடி. 1826இல் ஷ்வைகரின் இதழில் இம்முடிவு வெளியாயிற்று.

நூலும் ஏமாற்றமும்

பல்கலைக்கழகப் பதவி பெற வேண்டும் என்பது ஓமின் நெடுநாள் ஆசை. 1826இல் அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்று, பெர்லினில் தம்பி மார்ட்டினிடம் சென்று தங்கினார். 1827இல் மின்சுற்றைக் கணித முறையில் ஆராயும் அவருடைய பெரும் நூல் வெளியாயிற்று. அந்நூல் தம்மை உயர்த்தும் என்று நம்பினார்.

நடந்தது வேறு. ஜெர்மனியில் பலர் இயற்கையைத் தத்துவச் சிந்தனையால் அறிய வேண்டும் என்று கருதிய காலம் அது. கணிதத்தை முன்வைத்த அந்நூலைச் சிலர் புறக்கணித்தார்கள். போல் என்னும் பெர்லின் அறிஞர் கடுமையாகத் தாக்கி மதிப்புரை எழுதினார். எதிர்பார்த்த பதவி வரவில்லை. மனம் உடைந்த ஓம் 1828இல் கொலோன் பள்ளி வேலையையும் துறந்தார். அடுத்த ஐந்தாண்டுகள் பெர்லினில் இராணுவப் பள்ளி ஒன்றில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணிதம் கற்பித்துக் காலம் தள்ளினார். இன்று உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் விதியைக் கண்டவர் நிலையான வேலையின்றி இருந்த ஆண்டுகள் அவை.

காலம் கடந்து வந்த பெருமை

1833இல் நியூரம்பர்க் தொழிற்கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இதற்குள் லைப்சிக் நகரத்து ஃபெக்னர் போன்றவர்கள் தாமே சோதனை செய்து ஓமின் முடிவுகள் சரியென்று கண்டிருந்தார்கள். 1841இல் இலண்டன் ராயல் கழகம் தன் உயரிய காப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. மறு ஆண்டு அயல்நாட்டு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. தாய்நாடு தயங்கியபோது அயல்நாடு போற்றியது.

1849இல் அவர் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவி 1852இல் கைகூடியது. வாழ்நாள் கனவு நிறைவேறியபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. இரண்டே ஆண்டுகளில், 1854ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், அவர் இயற்கை எய்தினார். திருமணம் செய்துகொள்ளாதவர் அவர். 1881இல் பாரிசில் கூடிய உலக மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.

துணையே பகையான கதை

ஓமின் வாழ்வு இங்கு முடிந்தாலும், அவருக்குத் துணை நின்ற வெப்ப மின்னழுத்தத்தின் கதை முடியவில்லை. இனி ரிலேக்கு வருவோம்.

கம்பிச் சுருளில் மின்னோட்டம் செலுத்தினால் அது காந்தமாகி, வேறொரு சுற்றின் தொடுமுனைகளைச் சேர்த்து மூடும். இதுவே ரிலே. அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி 1835இல் இத்தகைய அமைப்பைச் செய்து காட்டினார். இன்று ஆய்வுக்கூடங்களில் ஒரே வோல்ட் மீட்டரைக் கொண்டு பல உணர்கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அளக்கிறார்கள். ஒவ்வொன்றையும் மீட்டருடன் மாற்றி மாற்றி இணைப்பது ரிலேக்களின் வேலை.

1936இல் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் எல்வுட் என்பவர் கண்டுபிடித்த ரீட் சுவிட்சை எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கும். அவை காந்தத்தால் ஈர்க்கப்பட வேண்டும் என்பதால் நிக்கல்–இரும்புக் கலவையால் செய்யப்படுகின்றன. வெளியேயுள்ள கம்பிகளோ செம்பு. ஆகவே இருபுறமும் இரு வேறு உலோகங்களின் சந்திப்பு அமைகிறது. ஓம் முயன்று செய்த வெப்ப மின்னிரட்டை இங்கே யாரும் கேளாமலே அமைந்துவிடுகிறது!

இரு சந்திப்புகளும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் ஒன்றின் மின்னழுத்தத்தை மற்றது ஈடுசெய்துவிடும். ஆனால் ரிலேயை மூடி வைத்திருக்கும் சுருள் சூடாகிறது. அந்தச் சூடு இரு முனைகளுக்கும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. இத்தகைய கலவைக்கும் செம்புக்கும் இடையே டிகிரிக்கு ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட் தோன்றலாம். முனைகளுக்கிடையே 0.1 டிகிரி வேறுபாடு இருந்தாலே 4 மைக்ரோவோல்ட் பிழை.

இது பெரிதா, சிறிதா? 100 ஓம் பிளாட்டின வெப்பமானியில் 1 மில்லி ஆம்பியர் செலுத்தினால், டிகிரிக்கு ஏறத்தாழ 385 மைக்ரோவோல்ட் மாற்றம் கிடைக்கும். ஆகவே 4 மைக்ரோவோல்ட் என்பது 0.01 டிகிரிப் பிழையாகும். அறையின் வெப்பநிலையை அறிய இது ஒரு பொருட்டன்று. டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளப்பவருக்கோ இது பத்து மடங்கு தவறு.

இங்கேதான் ஓம் பிரித்துக் காட்டிய இரு மாறிலிகளை நினைவுகூர வேண்டும். ரிலே வாங்குபவர்கள் பெரும்பாலும் தொடுமுனையின் மின்தடை குறைவா என்றே முதலில் பார்ப்பார்கள். அது வாய்பாட்டின் கீழ் மாறிலி. நல்ல வோல்ட் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால், தொடுமுனையில் சிறிது தடை கூடினாலும் அளவு மாறாது. அளவைக் கெடுப்பது தொடுமுனைச் சுற்றில் புதிதாகச் சேரும் மின்னழுத்தம். அது மேல் மாறிலியைச் சேர்ந்தது. தடை குறைந்த ரிலே, வெப்ப மின்னழுத்தமும் குறைந்த ரிலேயாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது பிழையாகும்.

ஆகவே நுண்ணளவுக்குரிய ரிலேயில் பார்க்க வேண்டியவை வேறு. முதலாவது, வெப்ப மின்னழுத்தம் எத்தனை மைக்ரோவோல்ட் என்று செய்தவர் குறிப்பிட்டிருக்க வேண்டும். சுருள் சூடேறிய பின் எடுத்த அளவா என்றும் கவனிக்க வேண்டும். இதற்கென்றே செய்த ரிலேக்களில் இது ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே இருப்பதுண்டு. இரண்டாவது, ஒருமுறை துடிப்புக் கொடுத்தால் தானே நிலைத்து நிற்கும் வகை நல்லது. சுருளில் தொடர்ந்து மின்னோட்டம் இல்லாததால் சூடும் இல்லை. மூன்றாவது, மீட்டருக்குச் செல்லும் இரு கம்பிகளையும் அருகருகே அமைந்த ஒரே மாதிரியான இரு தொடுமுனைகள் வழியே செலுத்தினால், ஒன்றின் பிழையை மற்றது பெரும்பாலும் நீக்கிவிடும். நான்காவது, இணைப்புகள் செம்போடு செம்பாக, சுத்தமாக இருக்க வேண்டும். செம்பின்மேல் படியும் ஆக்சைடு பெருங்கேடு செய்யும். செம்புக்கும் அதற்கும் இடையே டிகிரிக்கு 1000 மைக்ரோவோல்ட் அளவுக்குத் தோன்றக்கூடும்.

மின்தடையை அளக்கும்போது மின்னோட்டத்தைத் திசைமாற்றி இருமுறை அளப்பதும் பழைய, சிறந்த வழி. தடையின் குறுக்கேயுள்ள மின்னழுத்தம் குறி மாறும். வெப்ப மின்னழுத்தம் மாறாது. இரண்டின் வேறுபாட்டில் பாதியை எடுத்தால் பிழை விலகிவிடும். ஆனால் இரு அளவுகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ரிலே மேலும் சூடேறினால் இந்த உபாயமும் முழுப் பயன் தராது. ஓம் எதிர்கொண்ட சிக்கலும் இதுதானே! மாறும் மின்கலம் அவருடைய முதல் விதியைக் கெடுத்தது. மாறும் வெப்பம் நம் அளவைக் கெடுக்கிறது.

முடிவுரை

வெப்பத்தால் பிறக்கும் மின்னழுத்தத்துக்கு நட்பும் தெரியாது, பகையும் தெரியாது. அதன் இரு முனைகளையும் பனிக்கட்டியாலும் கொதிநீராலும் கட்டிவைத்தவருக்கு அது ஒரு விதியையே ஈந்தது. முனைகளைக் கவனியாதவருக்கு அது பொய்யான அளவைத் தருகிறது.

ஓமின் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியதும் அதுவே. அவரிடம் செல்வம் இல்லை, செல்வாக்கு இல்லை, பெரிய பதவியும் இல்லை. தாம் எடுத்த அளவின்மீது ஐயம் கொள்ளும் நேர்மை இருந்தது. அச்சில் ஏறிவிட்ட விதியாயினும் தவறென்று கண்டால் கைவிடும் துணிவு இருந்தது. செய்முறைத் தேர்வில் விடை வரவேண்டுமே என்பதற்காக எண்ணைத் திருத்தி எழுதும் ஆசை நம்மில் யாருக்கேனும் எழுந்தால், எட்டுக் கம்பிகளையும் பொறுமையாக அளந்த அந்தப் பூட்டுத் தொழிலாளியின் மகனை நினைத்துக்கொள்வோமாக!